கொலோன் பேராயரின் அரசியல் பலம் எங்கிருந்து வந்தது, எங்கே நின்றது?

#1 வினாத்தாள்

1198-இல் ஜெர்மனிக்கு ஒரே ஆண்டில் இரண்டு அரசர்கள். ஷ்வாபிய ஃபிலிப்பிடம் உண்மையான மணிமுடியும் மற்ற அரச சின்னங்களும் இருந்தன. எதிரே நின்ற வெல்ஃப் குலத்து ஒட்டோவிடம் அவை இல்லை. ஆனாலும் ஒட்டோவின் முடிசூட்டு விழாதான் முறைப்படி நடந்தது என்று ஒரு பெருங்கூட்டம் வாதாடியது. 1201-இல் போப் மூன்றாம் இன்னொசென்ட்டும் ஒட்டோவை ஏற்றுக்கொண்டார். ஒட்டோவுக்கு முடிசூட்டியவர் கொலோன் பேராயர் ஆல்டெனா அடால்ஃப்.

ஒரு மறைமாவட்டத் தலைவருக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது? ஆன்மிக அதிகாரத்திலிருந்தா, நிலத்திலிருந்தா, பணத்திலிருந்தா? விவரம் தெரிந்தவர்கள் ஆண்டுகளோடு சொல்லுங்கள்.

#2 ரைன்கரை

முடிசூட்டு செல்லுபடியாக மூன்று பொருந்த வேண்டும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை: சரியான இடம், சரியான கை, சரியான சின்னங்கள். இடம் என்றால் சார்லமேனின் அரியணை இருக்கும் ஆகன். கை என்றால் கொலோன் பேராயர்.

ஏன் கொலோன்? ஆகன் நகரம் லியேஜ் மறைமாவட்டத்தில் இருக்கிறது. லியேஜ் ஆயரோ கொலோன் பேராயருக்குக் கீழ்ப்பட்டவர். ஊட்ரெக்ட், முன்ஸ்டர், ஒஸ்னாப்ரூக், மிண்டன் ஆகிய ஆயர்களும் அப்படியே. தன் மறைமாநில எல்லைக்குள் நடக்கும் முடிசூட்டை நடத்தும் உரிமை தனக்கே என்று கொலோன் வாதாடியது. மைன்ஸ் பேராயர் அதற்கு எளிதில் இணங்கவில்லை. 1028-இல் பேராயர் பில்கிரிம் ஆகனில் மூன்றாம் ஹென்றிக்கு முடிசூட்டி முன்னுதாரணத்தை உண்டாக்கினார். 1052-இல் போப் ஒன்பதாம் லியோ உரிமையை எழுத்தில் உறுதிப்படுத்தினார்.

இப்போது 1198-க்கு வாருங்கள். ஜூலை 12 அன்று ஒட்டோவுக்கு ஆகனில் அடால்ஃப் முடிசூட்டினார். இடம் சரி, கை சரி, சின்னங்கள் மட்டும் இல்லை. ஃபிலிப்புக்கு செப்டம்பர் 8 அன்று மைன்ஸ் நகரில் முடிசூட்டியவர் பர்கண்டிப் பகுதியின் தாரந்தேஸ் பேராயர். சின்னங்கள் உண்டு, மற்ற இரண்டும் பிழை. மூன்றுக்கு இரண்டு ஒட்டோவின் பக்கம்.

அதைவிட முக்கியமானது பின்கதை. அடால்ஃப் பிறகு கட்சி மாறினார். ஃபிலிப் முடியைக் கழற்றி வைத்து, மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1205 ஜனவரி 6 அன்று அதே ஆகனில் அதே அடால்ஃப் கையால் சூடிக்கொண்டார். ஏழாண்டு அரசராக இருந்தவரே அந்தக் கை வேண்டும் என்று திரும்ப வந்தார் என்றால், அந்தச் சடங்கின் மதிப்பு எவ்வளவு என்று பாருங்கள். போப் அடால்ஃபைப் பதவியிலிருந்து இறக்கினார். கொலோன் நகரத்தார் பேராயரோடு போகாமல் ஒட்டோவின் பக்கமே நின்றார்கள். அவர்களுக்கு இங்கிலாந்து வணிகம் உயிர். 1170-களிலேயே லண்டனில் கொலோன் வணிகருக்குத் தனி இல்லம் இருந்தது. ஒட்டோவோ இங்கிலாந்து அரசர் ரிச்சர்டின் சகோதரி மகன்.

#3 பட்டயவாசகன்

ரைன்கரை சொன்னதில் பிழையில்லை. ஆனால் முடிசூட்டு கடைசிப் படி. முதல் படியில் தொடங்கினால்தான் ஏணி தெரியும்.

முதலாம் ஒட்டோ 953-இல் தன் தம்பி புரூனோவைக் கொலோன் பேராயராக்கினார். அதே ஆண்டில் லோத்தரிங்கியா நாட்டு ஆட்சியையும் அவரிடமே கொடுத்தார். அரசர்கள் ஆயர்களுக்கு அள்ளிக் கொடுத்ததற்குக் கணக்கு உண்டு. ஒரு கோமகனுக்கு நாடு கொடுத்தால் அது மகனுக்குப் போய், இரண்டே தலைமுறையில் அரசருக்கே எதிராகத் திரும்பும். ஆயருக்குச் சட்டப்படி வாரிசு கிடையாது. அவர் இறந்ததும் அடுத்தவரை அரசரே அமர்த்தலாம். சுங்கம், சந்தை, நாணயச்சாலை, உயர்நீதி எல்லாம் இப்படித்தான் ஆயர்களிடம் சேர்ந்தன.

இந்தக் கணக்கு இரண்டு முறை உடைந்தது. 1122 செப்டம்பர் 23, வோர்ம்ஸ் உடன்பாடு: அரசர் இனி மோதிரமும் ஆயர்கோலும் கொடுக்கக் கூடாது, உலகியல் உரிமைகளுக்காகச் செங்கோலைத் தொட்டுக் கொடுக்கலாம். ஆயரைத் தேர்ந்தெடுப்பது பேராலயக் குழுவின் வேலை ஆனது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் சுற்றுவட்டாரப் பிரபுக்களின் பிள்ளைகள். ஆகவே கொலோன் நாற்காலி பெர்க், ஆல்டெனா, ஹொக்ஸ்டாடன் போன்ற குடும்பங்களின் போட்டிப் பொருளாயிற்று. இரண்டாவது 1220 ஏப்ரல் 26: தன் மகன் ஹென்றியை அரசராக்க ஆயர்களின் வாக்கு வேண்டி, இரண்டாம் ஃப்ரெடெரிக் பல உரிமைகளை விட்டுக்கொடுத்தார். ஆயர் நிலத்தில் அவர் சம்மதமின்றிப் புதுச் சுங்கமோ நாணயமோ கூடாது. இறந்த ஆயரின் உடைமையை அரசர் எடுக்கக் கூடாது. ஆயர் ஒருவரைச் சபைநீக்கம் செய்து ஆறு வாரத்தில் அவர் திருந்தாவிட்டால் அரச தண்டனையும் தானாகச் சேரும்.

இந்த ஆறு வார விதி உங்கள் கேள்விக்கு நேர் பதில். சபைநீக்கம் தனியாக இருந்தால் வெறும் மிரட்டல். அரச தண்டனை பின்னால் வருவது உறுதியானால் அது ஆயுதம்.

#4 வினாத்தாள்

நன்றி. வெஸ்ட்ஃபாலியா கொலோனுக்கு வந்தது எப்படி? "கோமகன் பட்டம் கிடைத்தது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

#5 பட்டயவாசகன்

1180 ஏப்ரல் 13, கெல்ன்ஹவுசன் பட்டயம். சிங்கம் எனப்பட்ட ஹென்றி அழைப்பாணைகளுக்கு வராததால் சாக்சனி, பவேரியா இரண்டையும் இழந்தார். பேரரசர் பார்பரோசா சாக்சனியை இரண்டாக வெட்டினார். கொலோன் மறைமாவட்டத்துக்குள் விழும் பகுதியும் பாடர்போர்ன் மறைமாவட்டம் முழுவதும் பேராயர் ஹைன்ஸ்பெர்க் ஃபிலிப்புக்கு. மீதி அன்ஹால்ட் பெர்னார்டுக்கு. பேராயரின் கையில் பேரரசுக் கொடியைக் கொடுத்து உரிமையாக்கினார். கொடியேந்திப் பெறுவது கோமகனுக்குரிய முறை. அதாவது செங்கோல் தொட்டு ஆயர் உரிமை, கொடி பிடித்து கோமகன் உரிமை, இரண்டும் ஒரே ஆளிடம்.

ஆனால் பட்டயத்தைப் படித்துவிட்டு வரைபடத்தில் வண்ணம் தீட்டினால் ஏமாந்துபோவோம். கிடைத்தது நிலமல்ல, நிலத்தின் மேல் சில உரிமைகள். உள்ளூர்ப் பிரபுக்கள் தங்கள் கோட்டையில்தான் இருந்தார்கள். அவர்களை இழுக்க ஃபிலிப் கையாண்ட வழி இது: பிரபுவின் சொந்தக் கோட்டையைப் பேராயர் வெள்ளி கொடுத்து வாங்குவார், வாங்கிய கையோடு அதே பிரபுவுக்கு மானியமாகத் திருப்பிக் கொடுப்பார். பிரபு அங்கேயே குடியிருப்பார், ஆனால் இனி பேராயரின் ஆள். போரில் வாயிலைத் திறந்துவிட வேண்டும்.

பிசகுவது எங்கே? வெள்ளி ஒரு முறை செலவாகிவிடும், விசுவாசம் ஒவ்வொரு தலைமுறையும் புதுப்பிக்கப்பட வேண்டும். பேரன் காலத்தில் "இது எங்கள் தாத்தா கட்டிய கோட்டை" என்பதே நினைவில் நிற்கும்.

#6 கோட்டைமதில்

இங்கே ஃபோக்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது இல்லாமல் இந்தக் கதை பாதிதான்.

குருமார் இரத்தம் சிந்தும் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். மடத்துக்கும் ஆயருக்கும் சொந்தமான நிலத்தில் கொலை நடந்தால் தூக்கு யார் போடுவது? அதற்காக வைத்த உலகியல் காவலர்தான் ஃபோக்ட். அவருக்குக் கூலி, வழக்கமாக நீதிமன்ற அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு. வேலை பரம்பரையாகும், காவலர் குடிகளிடம் தனி வரி கேட்பார், மடத்து நிலத்தில் கோட்டை எழுப்புவார். இரண்டு தலைமுறையில் சொத்துக்குக் காவல் இருந்தவரே சொத்துக்காரர் ஆகிவிடுவார்.

இதை உடைக்கப் போய் உயிர் விட்டவர் பேராயர் முதலாம் எங்கெல்பெர்ட். 1216 முதல் பதவியில் இருந்தார், 1220 முதல் இரண்டாம் ஃப்ரெடெரிக்கின் மகனான சிறுவன் ஹென்றிக்காக ஜெர்மனியை ஆண்டார், 1222-இல் அவனுக்கு ஆகனில் முடியும் சூட்டினார். எசன் பெண்கள் மடத்தின் ஃபோக்ட் ஈசன்பெர்க் ஃப்ரீட்ரிஹ், எங்கெல்பெர்ட்டின் நெருங்கிய உறவினர். அவர் மடத்தைச் சுரண்டுகிறார் என்ற புகார் போப் வரை போயிருந்தது. சோஸ்ட் நகரில் இருவரும் பேசினார்கள், முடிவு எட்டவில்லை. 1225 நவம்பர் 7 அன்று, ஷ்வெல்ம் ஊரில் ஒரு கோவிலை அர்ச்சிக்கப் போகும் வழியில், கெவெல்ஸ்பெர்க் அருகே பள்ளமான பாதையில் மடக்கி வெட்டினார்கள். 1970-களின் இறுதியில் எலும்புகளை ஆராய்ந்தபோது 40-க்கும் மேற்பட்ட காயத் தடங்கள் தெரிந்தன. பிடித்துப் பணயமாக வைக்க வந்தார்களா, கொல்லவே வந்தார்களா என்ற வாதம் இன்றும் உண்டு.

ஃப்ரீட்ரிஹ் 1226 நவம்பரில் கொலோனில் சக்கரத்தில் கட்டி முறிக்கப்பட்டார். அவருடைய சகோதரர் இருவர் முன்ஸ்டர், ஒஸ்னாப்ரூக் ஆயர்கள். இருவருமே கொலோனுக்குக் கீழ்ப்பட்டவர்கள், இருவரும் பதவி இழந்தார்கள். பேராயரின் ஆட்சிக்குழு, எதிரிகள், கீழ் ஆயர்கள் எல்லாமே ஒரே குடும்ப மரத்தின் கிளைகள். இது புரிந்தால்தான் அந்த அரசியல் புரியும்.

#7 நாணயச்சாலை

பணம் பற்றி நான் எழுதுகிறேன்.

கொலோன் மார்க்கு ஏறத்தாழ 233.8 கிராம் வெள்ளி. அதில் 160 பென்னிகள் அடித்தார்கள். ஒன்றின் எடை சுமார் 1.46 கிராம். பல நாணயச்சாலைகள் அடிக்கடி பழைய காசைச் செல்லாதாக்கி, குறைவான புதுக் காசைக் கொடுத்து ஆதாயம் பார்த்தன. கொலோன் பென்னி அப்படி ஆட்டம் காணவில்லை. அதனால்தான் தூர நாடுகளிலும் எடை பார்க்காமல் வாங்கினார்கள். இதில் பேராயருக்கு ஒரு சிக்கல்: நாணயம் நம்பகமாக இருக்கும்வரைதான் நகரத்து வணிகம் செழிக்கும், சுங்கம் வரும். உடனடிப் பணத்துக்காகக் காசை மெலித்தால் சுங்கத்தில் அடிவிழும்.

ஹொக்ஸ்டாடன் கொன்ராட் (1238–1261) அதைச் செய்துதான் 1252-இல் நகரத்தோடு போருக்குப் போனார். டொமினிக்கன் துறவி ஆல்பர்ட் மாக்னஸ் நடுவராக வந்தார். புதுப் பேராயர் பதவியேற்கும்போதும், பேரரசரின் படையோடு ஆல்ப்ஸ் தாண்டிப் போய்த் திரும்பும்போதும் மட்டுமே நாணயத்தை மாற்றலாம் என்று முடிவானது. 1258-இல் மறுபடி சண்டை, மறுபடி ஆல்பர்ட் நடுவர்.

அதே கொன்ராட் 1259 மே 7 அன்று கிடங்குரிமையை உறுதிசெய்து பட்டயம் கொடுத்தார். நடைமுறை இது: ரைனில் வரும் வணிகர் கொலோனில் சரக்கை இறக்கி, மூன்று நாள் நகரத்தாருக்கு விற்பனைக்கு வைக்க வேண்டும், அதன் பிறகே நகரலாம். மேல்ரைன் படகு ஆழம் குறைந்த தட்டைப் படகு, கீழ்ரைன் படகு பெரிது. எப்படியும் இங்கே சரக்கை மாற்றியாக வேண்டும். இயற்கை கொடுத்த கட்டாயத்தைச் சட்டமாக்கினார்கள். ஆனால் யாருக்கு லாபம்? நகரத்து வணிகருக்கு. தன்னோடு மோதும் நகரத்துக்குத் தன் முத்திரையாலேயே தீனி போட்டார் பேராயர்.

அரசரைத் தேர்ந்தெடுப்பதில் பேராயருக்கு இருந்த வாக்குக்கும் விலை இருந்தது. 1256 டிசம்பரில் ட்ஸுண்டார்ஃப் ஒப்பந்தத்தில் கார்ன்வால் ரிச்சர்டுக்கு ஆதரவளிக்க கொன்ராடுக்குப் பேசிய தொகை 8,000 ஸ்டெர்லிங் மார்க்கு. மார்க்கை எடையாகக் கொண்டால் ஏறத்தாழ 1,870 கிலோ வெள்ளி. 144 பென்னி கொண்ட எண்ணிக்கை மார்க்கு என்றால் பத்தில் ஒரு பங்கு குறையும். 1257 மே 17 அன்று ஆகனில் ரிச்சர்டுக்கு முடி சூட்டினார்.

#8 வினாத்தாள்

அப்படியானால் உச்சத்தில் இருந்தவர் கொன்ராடா? பேராலயத்துக்கு அடிக்கல் வைத்தவரும் அவர்தானே?

#9 ரைன்கரை

ஆமாம், அடிக்கல் 1248 ஆகஸ்ட் 15. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று ஹாலந்து வில்லியமுக்கும் முடிசூட்டினார். அந்தப் பேராலயமும் அரசியலை விட்டு விலகியதல்ல. 1164-இல் பேராயர் டாசல் ரைனால்ட், பார்பரோசா வென்ற மிலானிலிருந்து மூன்று ஞானியரின் எலும்புகளைக் கொண்டுவந்தார். கிறிஸ்துவைக் கண்ட முதல் அரசர்கள் கொலோனில் இருக்கிறார்கள். ஆகனில் முடிசூடிய அரசர் இங்கே வந்து அவர்களை வணங்குவது வழக்கமாயிற்று.

ரைனால்டின் மூளை எப்படி வேலை செய்தது என்பதற்கு 1157 பெசான்சோன் சபையைப் பாருங்கள். போப் நான்காம் ஆட்ரியனின் கடிதத்தில் "பெனெஃபிகியா" என்று இருந்தது. அந்த லத்தீன் சொல்லுக்கு நன்மை என்றும் பொருள், மானியம் என்றும் பொருள். சபைக்கு ஜெர்மனில் மொழிபெயர்த்த ரைனால்ட், அப்போது அவர் அரசரின் தலைமைச் செயலர், மானியம் என்றே சொன்னார். பேரரசு போப் கொடுத்த மானியமா என்று சபை கொதித்தது. போப் மறு ஆண்டு "நன்மை என்றுதான் சொன்னேன்" என்று விளக்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

என்றாலும் உச்சம் என்றால் நான் கொன்ராடைச் சொல்ல மாட்டேன், இரண்டாம் அன்னோவைத்தான் சொல்வேன். 1062 ஏப்ரலில் கைசர்ஸ்வெர்த்தில் பதினொரு வயது நான்காம் ஹென்றியை, "அலங்கரித்த படகு ஒன்று வந்திருக்கிறது, பாருங்கள்" என்று ஏற்றி, துடுப்பைப் போடச் செய்தார். பையன் ரைனில் குதித்தான். பிரவுன்ஷ்வைக் எக்பெர்ட் பின்னால் குதித்து இழுத்து ஏற்றினார். படகு கொலோனுக்குப் போனது. தாய் ஆக்னஸின் ஆட்சி அத்தோடு முடிந்தது. அன்னோவிடம் ஆகன் உரிமையோ கோமகன் பட்டமோ வேலை செய்யவில்லை, அரசரின் உடல் கையில் இருந்தது.

#10 கோட்டைமதில்

அன்னோவை எடுத்ததால் 1074-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈஸ்டருக்கு வந்த முன்ஸ்டர் ஆயரை ஊருக்கு அனுப்பப் படகு வேண்டும். அன்னோவின் ஆட்கள் ஒரு வணிகரின் படகைப் பிடித்து, சரக்கை இறக்கச் சொன்னார்கள். வணிகரின் மகன் எதிர்த்தான், நகரமே திரண்டது. அன்னோ இரவில் மதிலை ஒட்டிய ஒரு வீட்டின் பின்வாயில் வழியாகத் தப்பினார். நான்காம் நாள் படையோடு திரும்பினார். நகரம் பணிந்தது, தலைவர்களின் கண்கள் பறிக்கப்பட்டன, பெரும் வணிகர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள்.

நான்கு நாள். இந்த எண்ணை மனதில் வையுங்கள்.

1180-இல் நகரத்தார் பேராயர் ஃபிலிப்பின் தடையை மீறிப் புது மதிலும் அகழியும் எழுப்பத் தொடங்கினார்கள். வழக்கு பேரரசரிடம் போனது. முடிவு: நகரத்தார் 2,000 மார்க்கு கொடுப்பார்கள், மதில் நிற்கும். கட்டி முடித்தபோது அரைவட்டமாக ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர், நிலப்பக்கம் 12 வாயில்கள். கெல்ன்ஹவுசனில் கொடி வாங்கிய அதே ஆண்டு இது. வெஸ்ட்ஃபாலியாவில் கோட்டை வாங்க வெள்ளி தேவைப்பட்ட பேராயருக்கு அந்த 2,000 மார்க்கு இனித்திருக்கும்.

அதன் பின் எந்தப் பேராயராலும் அன்னோ செய்ததைச் செய்ய முடியவில்லை. இரண்டாம் எங்கெல்பெர்ட் மதில் கோபுரங்களைத் தன் கையில் எடுத்து நகரத்தைப் பூட்டப் பார்த்தார். 1262 ஜூனில் நகரத்தார் அவற்றைத் திருப்பிப் பிடித்தார்கள். 1268 அக்டோபரில் அவர் தரப்பினர் உல்ரெ வாயில் அருகே மதிலடியில் சுரங்கம் தோண்டி இரவில் உள்ளே நுழைந்தார்கள், தெருவிலேயே தோற்றார்கள். பேராயர் அப்போது யூலிஹ் பிரபுவின் நிடெகன் கோட்டையில் கைதி. மூன்றரை ஆண்டு அங்கேயே கிடந்தார். என் கணிப்பில் கொலோன் பேராயர்கள் நகரத்தை இழந்தது வோரிங்கன் போரில் தோற்ற 1288-இல் அல்ல, 1180-இல்.

#11 நாணயச்சாலை

இதை நான் முழுமையாக ஏற்கவில்லை. மதில் இருந்தும் கொன்ராட் 1259-இல் நகரத்து நாணய அதிகாரிகளையும் நீதிபதிகளையும் ஒரே வீச்சில் நீக்கினார். எப்படி முடிந்தது? பழைய பணக்காரக் குடும்பங்களுக்கு எதிராகக் கைவினைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். நகரம் ஒன்றாக நின்றால் மதில் மதிலாகும். பிளந்தால் வாயில் உள்ளிருந்தே திறக்கும். பின்வந்தவர்கள் இரு தரப்பையும் பகைத்துக்கொண்டார்கள், அதுதான் தவறு.

#12 கோட்டைமதில்

அது நியாயமான திருத்தம். 1262-இல் பழைய குடும்பங்களும் கைவினைஞர்களும் சேர்ந்தே எழுந்தார்கள். மதிலோடு அந்த ஒற்றுமையையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

#13 ரைன்கரை

1288 பற்றிச் சுருக்கமாக. லிம்பர்க் வாரிசுரிமைச் சண்டை. ஒரு பக்கம் பிரபான்ட் கோமகன் முதலாம் ஜான், மறுபக்கம் பேராயர் வெஸ்டர்பர்க் ஸீக்ஃப்ரீட். ஜூன் 5, வோரிங்கன். பேராயரின் குதிரைப்படை முதலில் நன்றாகவே போரிட்டது. பிறகு பெர்க் நாட்டு விவசாயிகளும் கொலோன் நகரப் படையும் பக்கவாட்டில் இறங்கினார்கள். ஆணி பதித்த தடிகளோடு வந்த விவசாயிகளுக்கு வீரமரபுப் போர்விதி ஒரு பொருட்டல்ல. ஸீக்ஃப்ரீட் பிடிபட்டு வுப்பர் ஆற்றங்கரை பர்க் கோட்டையில் ஓராண்டுக்கு மேல் அடைபட்டார். விடுதலைக்கு 12,000 மார்க்கு. அதன் பின் பேராயர்கள் பான், பிரூல் பக்கம் குடியேறினார்கள்.

ஆனாலும் "எல்லாம் போயிற்று" என்று எழுதுவது தவறு. கொலோனின் உயர் குற்ற நீதிமன்றம் பேராயரிடமே தங்கியது, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர் வரும்வரை. நகரத்தார் குற்றவாளியைப் பிடிக்கலாம், விசாரிக்கலாம். மரண தண்டனைக்கு பேராயரின் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தாக வேண்டும்.

#14 பட்டயவாசகன்

தோற்று நான்கே ஆண்டில் ஸீக்ஃப்ரீட் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். 1292 ஏப்ரல் 27 அன்று ஆண்டர்னாக்கில் நாசாவ் அடால்ஃபிடம் எழுதி வாங்கினார்: என் வாக்கு வேண்டுமானால் 25,000 மார்க்கு வெள்ளி, கூடவே கோட்டைகள், கொலோன் நகரத்துக்கு எதிராகத் துணை. மே 5 அன்று அடால்ஃப் அரசர். நகரம் போனாலும் வாக்கு போகவில்லை, ஏனென்றால் வாக்கு நாற்காலியோடு கட்டப்பட்டது. ஆனால் அரசரான பின் அடால்ஃப் அந்த உறுதிமொழிகளைப் பெரும்பாலும் காற்றில் விட்டார். எழுதி வாங்கியதை நிறைவேற்றிவைக்கப் படை இல்லாதபோது பட்டயம் தாள்தான்.

அரசர் தேர்தலுக்கு விதி வகுத்த 1356-இன் பொன்முத்திரை ஆணை இந்தப் பேரத்துக்கு வரம்பு கட்டியது. ஏழு தேர்வாளர், நான்கு வாக்கு போதும். மைன்ஸ் ஒவ்வொருவராகக் கேட்கும்: முதலில் ட்ரியர், இரண்டாவது கொலோன், பிறகு பொஹிமியா, பலாட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க், கடைசியில் மைன்ஸே வாக்களிக்கும். ஒவ்வொருவரும் 200 குதிரைவீரரோடு ஃபிராங்க்ஃபர்ட்டுக்குள் நுழையலாம், அதில் 50 பேர் மட்டுமே ஆயுதத்தோடு. 30 நாளில் முடிவு வராவிட்டால் ரொட்டியும் தண்ணீரும்தான் உணவு. கொலோனுக்கு முடிசூட்டும் உரிமை எழுத்தில் உறுதியானது. ஆனால் நான்கு வாக்கு விழுந்த பின் "இவருக்குச் சூட்ட மாட்டேன்" என்று பேரம் பேச இடமில்லை. 1198-இல் அடால்ஃபிடம் இருந்தது அந்த மறுக்கும் பலம்தான்.

#15 வினாத்தாள்

இப்போது தெளிவாகிறது. கடைசியாக ஒன்று: ஆகனில் சூட்டும் உரிமை எதுவரை செல்லுபடியானது?

#16 ரைன்கரை

ஆகனில் கடைசி முடிசூட்டு 1531, முதலாம் ஃபெர்டினாண்ட். 1562-இல் இரண்டாம் மாக்ஸிமிலியனைத் தேர்ந்தெடுத்த ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே முடியும் சூட்டினார்கள். ஃபிராங்க்ஃபர்ட் மைன்ஸ் மறைமாவட்டத்தில் இருப்பதால் அங்கே மைன்ஸ் பேராயரின் கை முந்தியது. எந்த வாதத்தால் கொலோன் 1028-இல் ஜெயித்ததோ அதே வாதம் இப்போது மைன்ஸுக்கு உதவியது. தகராறு ஏறத்தாழ நூறாண்டு நீண்டு 1657-இல் தீர்ந்தது: அவரவர் மறைமாநிலத்தில் அவரவர் சூட்டுவது, இரண்டுக்கும் வெளியே நடந்தால் மாற்றி மாற்றிச் சூட்டுவது.